வடக்கே நடப்பவர்களுக்கு மட்டும்

ஜூன் பிறந்ததும் எங்கள் தெருமுனையில், மேப்பிள் மரத்தடியில், ஒரு நீல நிற ஐஸ்பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். பூட்டுக் கிடையாது, காவல் கிடையாது. உள்ளே பனிக்கட்டிக்கு நடுவே சோடா, ஆரஞ்சு, அவித்த முட்டை, சில நாள் சாக்லேட். மூடிமேல் கறுப்பு மையால் ‘ஹைக்கர்களுக்கு’ என்று எழுதி ஒட்டியிருக்கும். பென்சில்வேனியாவின் இந்தச் சின்ன ஊருக்கு நான் நர்ஸ் வேலைக்கு வந்த முதல் கோடையில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்து எதிர்வீட்டு மார்கரெட்டின் கதவைத் தட்டிச் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிச் சிரித்தாள். ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மெய்ன் வரைக்கும் ஒரு மலைப்பாதை போகிறதாம். அதை மாதக்கணக்கில் நடந்தே கடக்கிறவர்கள் எங்கள் ஊரில் இறங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவார்களாம். அவர்களுக்குத்தான் பெட்டி. இந்த உபசாரத்துக்குப் பெயர் ‘ட்ரெயில் மேஜிக்’. செய்கிறவர்கள் ‘ட்ரெயில் ஏஞ்சல்’. மார்கரெட் ஒரு ஏஞ்சல்.

வருகிறவர்கள் தாடியும் அழுக்குமாக இருப்பார்கள். ஆள் வரும் முன்னே வாடை வந்துவிடும். ஆனால் ஊரே அவர்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடும். முன்பின் தெரியாதவனைக் காரில் ஏற்றிக்கொள்வார்கள், வீட்டுக் குளியலறையைத் திறந்துவிடுவார்கள், துணியைத் துவைத்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் பெட்டியருகே முட்டை உரித்துக்கொண்டிருந்த ஒருவனிடம், என்ன வேண்டுதல் என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. எந்தச் சாமிக்கு, என்ன நேர்ந்துகொண்டு நடக்கிறாய் என்று விளக்கினேன். அவன் யோசித்து, வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். ஐயோ பாவம், வேலை கிடைக்கத்தான் வேண்டுதலா என்றேன். இல்லை, நல்ல வேலை, அலுத்துப்போய் விட்டுவிட்டேன், எனக்காக நடக்கிறேன் என்றான். நான் அவனைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவனும் என்னை அப்படித்தான் பார்த்தான்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்த மேஜிக்கை நான் விளக்க வேண்டியதில்லை. புத்தூருக்குப் பக்கத்தில் நான் பிறந்த வீட்டில் புரட்டாசி முழுக்க இதுதான் நடந்தது. மதராஸ் பக்கமிருந்து திருப்பதி மலைக்கு நடப்பவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மஞ்சள் வேட்டியும் நெற்றியில் நாமமுமாகக் ‘கோவிந்தா’ என்று குரல் கேட்டால் போதும், அம்மா அடுப்பைவிட்டு ஓடி வருவாள். கால் கழுவ வெந்நீர், குடிக்க நீர்மோர், மந்தாரை இலையில் புளிச்சோறு. பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, சாதி கேட்கக் கூடாது. எல்லாரும் கோவிந்தாதான். சேரியிலிருந்து நடந்து வருகிறவர்களை மட்டும் கேட்காமலே கண்டுபிடித்துத் தள்ளி உட்காரவைத்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எங்கள் ஊரை ரொம்பத்தான் புகழ்ந்தேன் என்று ஆகிவிடும்.

நைனா, அதாவது அப்பா, உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் வாத்தியார். ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து, சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போன காலம் அது. எந்த ஊர் எங்கே சேர வேண்டும் என்று டீக்கடையில், சந்தையில், ஏர் ஓட்டுகிற இடத்தில்கூடச் சண்டை. எங்கள் ஊரை மதராஸோடு சேர்க்கச் சொல்லி நைனா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். பலன் என்ன? பள்ளியில் தமிழ் வகுப்பு ஒவ்வொன்றாக மூடப்பட்டது, நிர்வாகம் அவருக்கு வேலை இல்லை என்றது. அரக்கோணத்தில் அரிசி மில் வைத்திருந்த மாமா வரச்சொல்லி ஆளனுப்பினார். சம்பளம் நின்று பல மாதமாகியிருந்ததால் ரயிலை நினைக்கவே முடியவில்லை. புரட்டாசி நடுவில், நைனா தலையில் டிரங்குப் பெட்டி, அம்மா இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி, என் தலையில் பாத்திர மூட்டை. நடந்தோம்.

எங்கள் ஊர்க் கடைசி வீட்டுக்காரர் முனுசாமி, எங்கள் தமிழ் ஆள்தான், நைனா கேட்டதும் முதலில் கையெழுத்துப் போட்டவர். அவர் வாசலில் நின்று அம்மா தண்ணீர் கேட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னா வாத்தியாரே, எங்க கிட்டலாம் கையெழுத்து வாங்கினு, இப்ப நீ மூட்டய கட்டிக்கினு போறியா? நாளைக்கு எங்கள எவன் கேப்பான்? போ, போ. உன் மதராஸ்ல போயி தண்ணி குடி.”

நைனா தலையில் பெட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். தெலுங்குக்காரர்கள் கதவைச் சாத்தியிருந்தால் அவருக்கு வலித்திருக்காது.

நகரி தாண்டுவதற்குள் தம்பி வழியில் இருந்த குட்டையில் தண்ணீர் குடித்துவிட்டான். மறுநாள் காலையிலிருந்து வயிறு போனது. உச்சி வெயிலில், திருத்தணிக்கு முந்தின ஒரு ஊரை நெருங்கும்போது அழுகையை நிறுத்திவிட்டான். கண் உள்ளே போய், உதடு வெடித்து, தலை தொங்கியது. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், அந்தக் குழந்தைக்குக் காய்ச்சிய தண்ணீரும் உப்புக் கஞ்சியும் அப்போதே தேவைப்பட்டன. இரண்டும் எதிரிலேயே இருந்தன. ஊர் முகப்பில் கீற்றுப் பந்தல், அடுப்பில் கஞ்சி, அண்டாவில் சீரகத் தண்ணீர். தெற்கே இருந்து வந்த ஒரு கூட்டம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கரண்டியோடு நின்ற ஆள் எங்கள் மூட்டை முடிச்சைப் பார்த்தார்.

“எந்தப் பக்கம்?”

“அரக்கோணம்” என்றார் நைனா.

“இதி கொண்டக்கி பொய்யேவாள்ளக்கி. மலைக்குப் போறவங்களுக்குப்பா. பாத்துக்கினு தானே கீற, எவ்ளோ கூட்டம்னு? தள்ளு, தள்ளு.”

“கொழந்தைக்கு மட்டும் ஒரு வாய்ங்க” என்றாள் அம்மா.

“எல்லாரும் கொழந்தையக் காட்டித்தான் கேக்கறாங்க. சாமி காரியம்மா, தள்ளு.”

அவர் கெட்டவரில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னொரு கிழவரின் காலுக்கு வெந்நீர் ஊற்றினார், அவ்வளவு பக்குவமாக.

பந்தலைத் தாண்டியதும் அம்மா ஒரு புளியமரத்தடியில் மூட்டையை இறக்கச் சொன்னாள். நைனாவின் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸ் துண்டை எடுத்தாள். கல்லில் எச்சில் தொட்டு உரசினாள். மஞ்சள் கிழங்கையும் உரசி அவருடைய மேல்துண்டில் பூசினாள். நைனாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“வேணாம். நா மாட்டேன்.”

“புள்ள அழுவுறத நிறுத்திட்டான், பாருங்க.”

“சாமி பேரச் சொல்லி ஏமாத்தறதா? வாத்தியார் நானு.”

“நேத்து வரைக்கும் வாத்தியாரு. நெத்தியக் காட்டுங்க.”

அவர் காட்டினார். பாடம் எழுதிய சாக்பீஸில் வெள்ளைக் கோடு இரண்டு, நடுவே அம்மாவின் குங்குமம். டிரங்குப் பெட்டியையும் மூட்டையையும் புதரில் ஒளித்துவிட்டு, சோளக்கொல்லை வரப்பில் சற்றுத் தெற்கே இறங்கினோம். பிறகு பாதையில் ஏறி, வடக்கே முகம் திருப்பி, அதே ஊருக்குள் மறுபடி நுழைந்தோம். “கோவிந்தா” என்று முதலில் கத்தியது நான்தான். நைனாவுக்கு வாய் வரவில்லை.

கரண்டிக்காரர் ஓடி வந்தார். அதே ஆள். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் எங்கள் முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும்? “புள்ளைய தூக்கினு மதராஸ்ல இருந்தா நடந்து வரீங்க சாமி!” என்று நைனாவின் காலைக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் மனைவி தம்பியை மடியில் வாங்கி, தண்ணீரைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள், கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். பொழுது சாய அவன் அழ ஆரம்பித்தான். அம்மாவும் அழுதாள். நைனாவின் இலையில் சோறு அப்படியே கிடந்தது. விரதம் போலிருக்கிறது என்று அந்தம்மாள் இன்னும் பயபக்தியோடு விசிறினாள்.

கிளம்பும்போது அவள் ஒரு சின்னத் தகர டப்பாவை நைனாவின் கையில் வைத்தாள். உள்ளே சூடக்கட்டி, கரையாமலிருக்க நாலைந்து மிளகு. “எம் பொண்ணுக்குக் கொழந்தயே தங்கறதில்ல சாமி. மூணு போயிட்ச்சி. புள்ளையோட போறீங்களே, மலை மேல அகண்ட வெளக்குல இத்த எம்பேர்ல ஏத்திடுங்க.” ஊரெல்லை வரை வந்து, நாங்கள் வடக்கே நடந்து மறையும்வரை கோவிந்தா போட்டு வழியனுப்பினார்கள். அவர்கள் திரும்பிப் போகும்வரை கள்ளிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி வரப்பில் சுற்றி, ஒளித்துவைத்த பெட்டியையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு தெற்கே போனோம். ஏரிக்கரையில் நைனா நெற்றியைக் கழுவினார். தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “இனிமே அந்த மலைய நா ஏற மாட்டேன்” என்றார். சாகும்வரை ஏறவில்லை. தம்பிக்கு இதைச் சொல்லக் கூடாது என்று எனக்கும் அம்மாவுக்கும் உத்தரவு. டப்பாவில் சூடம் தானாகக் கரைந்தது. பொங்கலுக்குள் மிளகு மட்டும் மிஞ்சியது.

சில வருடம் கழித்து எல்லை தீர்ப்பானது. எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்ற அந்த ஊர் மதராஸோடு சேர்ந்தது. நைனா கையெழுத்து வாங்கிய எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. செய்தித்தாளைப் படித்துவிட்டு அவர் நாள் முழுக்க மில்லில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

எனவே மார்கரெட்டின் பெட்டியைப் பார்த்து எனக்கு மற்றவர்களைப் போல நெஞ்சு உருகுவதில்லை. இங்கே ஜூலையில் பீச் பழம் பறிக்க குவாத்தமாலாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சாயங்காலம் தோப்பிலிருந்து தங்குமிடத்துக்கு எங்கள் தெரு வழியாகத்தான் நடக்கிறார்கள், தெற்கு நோக்கி. ஹைக்கர்களைவிட அழுக்கு அதிகமில்லை, களைப்பு அதிகம். அவர்களுக்காக ஒரு கார்கூட நின்று நான் பார்த்ததில்லை. போன கோடையில் ஒரு ஜாடி நீர்மோர் கலக்கிப் பெட்டிமேல் வைத்துவிட்டு, தொப்பி போட்ட ஒரு வயதானவரைக் கைதட்டி அழைத்தேன். அவர் ஜாடியைப் பார்த்தார், மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து, “நோ ஹைக்கர்” என்றார். நான் எவ்வளவு வற்புறுத்தியும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நடந்தார். அவருக்குச் சட்டம் தெரிந்திருந்தது.

மறுநாள் மார்கரெட் வந்தாள். என் கணவர் படுக்கையில் கிடந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தவள், அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. “உனக்கு இரக்க மனசு. ஆனால் அவர்கள் ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்பார்கள். பிறகு ஹைக்கர்களுக்கு ஒன்றும் இருக்காது. இது அவர்களுக்காக வைத்தது, இல்லையா?” என்றாள் மெதுவாக. நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை உடைக்காத குறையாகத் தேய்த்தேன். எனக்கு மட்டும் ஏன் சூப் வந்தது? நர்ஸ் உடுப்போடு நான் இந்தத் தெருவில் நடந்தால் முகம் தெரியாதவர்கள்கூடக் கையசைப்பார்கள். விடுமுறை நாளில் புடவையோடு நடந்தால், காரை மெதுவாக்கி, வழி தவறிவிட்டாயா என்று கேட்பார்கள். அந்த உடுப்பும் சாக்பீஸ் நாமம்தான். முப்பது வருடமாகப் பூசிக்கொண்டு வடக்கே பார்த்து நடந்திருக்கிறேன்.

போன புரட்டாசியில் ஊருக்கு வந்தேன். தம்பி இப்போது பேரன் பேத்தி எடுத்த பெரிய மனிதன், சென்னையில் வீடு, புதுக் கார். திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அம்மா என்னிடம் விட்டுப்போன தகர டப்பா என் கைப்பையில் இருந்தது. திருத்தணி தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரமாக, அந்த ஊர்தான், பந்தல் போட்டிருந்தார்கள். கீற்றுக்குப் பதில் தார்ப்பாய், அண்டாவுக்குப் பதில் பிளாஸ்டிக் கேன். தம்பியின் தோளைத் தட்டினேன்.

“நிறுத்துடா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போலாம்.”

“தண்ணி பாட்டில் பின்னாடி கீதுக்கா.”

“இல்லடா, இங்க.”

அவன் சிரித்தான். “அது நடந்து போறவங்களுக்கு வச்சதுக்கா. நமக்கா வச்சாங்க?” என்று சொல்லி வேகத்தைக் கூட்டினான்.

அவன் குடித்துப் பிழைத்த தண்ணீர் அது. சொல்ல வாயைத் திறந்தேன். நைனாவின் உத்தரவு நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். மடியில் டப்பாவைத் திறந்தேன். சூடம் இல்லை, வாடைகூட இல்லை, மிளகு மட்டும் உருண்டது. கார் மலையைப் பார்த்து வடக்கே ஓடியது. நான் இருக்கையில் முழுக்கத் திரும்பி, பின்கண்ணாடி வழியே தெற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.