விரதநாளில் போட்ட சீனிக் குளிசை

"...சாப்பாட்டைத்தானே விட்டனான், குளிசையை விடேல்லையே!" என்றார் அத்தான், பெருமையாக.

கந்தசஷ்டி விரதம். அக்காவின் கணவரான அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; தினமும் மாத்திரை போடுபவர். ரூ காய் தெருவில் இருக்கும் எங்கள் மளிகைக் கடையில், 'லங்கணம் பரம ஔஷதம்', பட்டினியே பெரிய மருந்து என்று சொல்லியபடி நின்றவருக்குத் திடீரென்று வேர்த்தது, கை நடுங்கியது, பேச்சும் தடுமாறியது. விரதக் களைப்பு என்றே நான் நினைத்தேன்.

கறிவேப்பிலை வாங்க வந்த தாதி ஒருத்தி பார்த்துவிட்டாள். "அண்ணை, உடனே சீனித்தண்ணி குடியுங்கோ!"

"விரதம், தங்கச்சி."

"முருகன் கோவிக்கமாட்டார், நான் கோவிப்பன்."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். சோறும் சாப்பிட வைத்து, என்ன குளிசை போட்டவர் என்றும் கேட்டறிந்தாள்.

"நீங்கள் சாப்பிடாட்டியும் இந்தக் குளிசை சீனியைக் குறைச்சுக்கொண்டுதான் இருக்கும். விரதத்துக்கு முதலே டொக்டரைக் கேக்கவேணும். எங்கை, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

பள்ளிப்பிள்ளை போல ஒப்புவித்தார்.

பழமொழி நல்லதுதான்; சொன்னவர்கள் இந்தக் குளிசை போட்டிருக்கமாட்டார்கள். இப்போது விரதம் வருமுன்பே அத்தானை டொக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

அன்று அவரோ, ஒப்புவித்த கையோடு, சார்செல் புறநகரில் தன்னைப் போலவே குளிசையும் விரதமுமாக இருக்கும் கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"டேய், குளிசை போட்டிட்டியோ? அப்ப முதல்லை சாப்பிடு!"