சிவப்புப் பிடி

"கண்டதையும் வாங்கிச் சேர்க்காதீங்க சார், ஏதாவது ஒரு வகையைப் புடிச்சிக்குங்க," என்றார் மடக்குக் கத்தி விற்கும் சென்னைக் கடைக்காரர். கத்திகளுக்குப் போட்டிருந்த எண்ணெயின் வாசம் மூக்கில் ஏறியதும் நான் சிறுவனாக விருத்தாசலத்தில், பீங்கான் சூளைக்குப் பின்னால், காதுடைந்த கப்புகளும் கோணிப்போன பொம்மைகளும் காலடியில் கலகலவென்று சரியும் கழிவு மேட்டில் இருந்தேன். இன்று அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. அந்த மேட்டில் உட்கார்ந்து, தன் அத்தா சவூதியிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பிடிக் கத்தியால் என் கூட்டாளி சலீம் மாங்காயைக் கீறிக் கீறித் தின்பான்; எனக்கும் ஒரு கீற்று தருவான்; என் பல் கூசியது புளிப்பால் அல்ல. கத்தியைக் கேட்டால் மட்டும், "கைல குடுத்தா சண்டை வந்துடும்டா," என்று 'டக்'கென மடக்கி டவுசர் பையில் போட்டுக்கொள்வான்.

"சிவப்புப் பிடி மட்டும் காட்டுங்க," என்றேன்.

கடைக்காரர் ஒன்றை எடுத்தார். நான் கையை நீட்டினேன். "கத்தியைக் கைல குடுக்கக் கூடாதுங்க, நீங்களே எடுத்துக்குங்க," என்று கண்ணாடிமேல் வைத்துத் தள்ளினார்.

சலீமும் கீழே வைத்திருக்கலாம். வைப்பதற்கு அவ்வளவு பெரிய மேடு இருந்தது.