உப்புப் பார்க்காத குழம்பு

நான் குழம்பு வைத்தால் இறக்குவதற்குள் பல தடவை உப்புப் பார்ப்பேன். அகப்பையில் எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நக்கி, கண்ணை மூடி யோசித்து, சந்தேகம் தீராமல் மறுபடியும் எடுப்பேன். பரிமாறுவதற்கு முன்பே குழம்பு பாதியாகிவிடுகிறது என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து புகார் சொல்லி வருகிறார். இந்த லட்சணத்தில் இருக்கிற எனக்கு, ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காமல் சமைத்தாக வேண்டிய நாள் வருடத்தில் ஒன்று உண்டு என்பது சிறுவயதில் பெரிய மர்மமாக இருந்ததில் வியப்பில்லை.

படையல் நாள்தான் அது. இறந்து போனவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி, படத்துக்கு முன்னால் இலை விரித்து வைக்கிற நாள். அவருக்குப் படைத்து முடிக்கும்வரை உயிரோடு இருக்கிற எவரும் அதில் வாய் வைக்கக் கூடாது. சமைக்கிறவர் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது.

“அப்புறம் உப்பு சரியா இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“வாசனையில தெரியும்.”

“உப்புக்கு ஏதும்மா வாசனை?”

“உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போய்ப் படி.”

நான் போய்ப் படிக்கவில்லை. இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து, ஒன்றில் மட்டும் உப்பைக் கரைத்து, மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தேன். இரண்டிலும் குழாய் வாசனைதான் வந்தது. குறை என் மூக்கில்தான் என்று முடிவு செய்து அதற்குப் பயிற்சி கொடுத்தேன். கருவாடு, ஊறுகாய் ஜாடி, வேலைவிட்டு வந்த அப்பாவின் சட்டை என்று உப்பு உள்ள எல்லாவற்றையும் முகர்ந்தேன். சட்டையில் மட்டும் நல்ல பலன் தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த வருடம்தான் தாத்தாவின் படையல் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அதுவரை லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் இருந்த அத்தை வீட்டில்தான் நடந்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவர். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். தாத்தாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவரும் அவர்தான். அப்பா ஒரே மகன். இளவயதிலேயே ஜோகூர் பாருவுக்கு வந்து லோரி வர்க்ஷாப்பில் சேர்ந்து, தெப்ராவ் பகுதியில் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டை வாங்கி, மாதம் ஒரு தடவை லாபிசுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். தாத்தா போன பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் அத்தை வீட்டில் வயிறார உண்டுவிட்டு, ஏப்பத்தோடு ஏப்பமாக, “மகன் இருக்கையில மக படைக்கிறா, காலம் அப்படிலா,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பு மாட்டுவார்.

அந்த வருடம் அவர் வாய்விட்டுக் கேட்டார். “அக்கா, இந்தத் தடவ நான் வைக்கிறேன்.”

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். “வையி. நான் வந்து பாக்குறேன். சரியா வரலன்னா அடுத்த வருஷம் பழையபடி எங்கிட்டேயே இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. வழக்கமாகச் சமையலை ஒரு தொந்தரவு போல முடித்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிற அம்மா, ஆட்டிறைச்சியை எந்தக் கடையில் வாங்குவது என்று ஒரு வாரம் யோசித்தார். தாத்தாவுக்கு ஆட்டிறைச்சிக் குழம்பு இருந்தால் போதும், மற்றதெல்லாம் இலையை நிரப்பத்தான். குழம்பு பிசகினால் எல்லாம் பிசகிப் போகும்.

படையல் சனிக்கிழமை வந்தது. அம்மா எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லீவு சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர், சரக்கு அவசரமாகக் கப்பலேற வேண்டும், எல்லாரும் வந்தே தீர வேண்டும் என்று லீவைப் பிடுங்கிக்கொண்டார். மாமனாருக்குப் படையல் என்று அம்மா சொல்லியிருக்கிறார். உன் மாமனார் எங்கேயும் போக மாட்டார், என் கப்பல் போய்விடும் என்று பதில் வந்ததாம். சூப்பர்வைசர் சொன்னதில் தவறே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்து, தோன்றியதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியுமுன் அம்மா எழுந்து குளித்து, பொரியலை முடித்து, வடைக்கு அரைத்து, குழம்புக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

“கறிய நல்லா வேக விடுங்க. உப்பு மட்டும் போடாதீங்க. முன்னாடியே போட்டா கறி ரப்பராயிடும். மூணு மணிக்கு வேல முடியும், வந்து நானே போடுறேன்.”

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அப்பா அதை மிகவும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது. அம்மா ஒரு கையில் செருப்போடு ஓடினார்.

காலை ரயிலில் அத்தை வந்து சேர்ந்தார். தாத்தாவின் படத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். குளித்துவிட்டு, சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“நான் ஒண்ணையும் தொட மாட்டேன். இது ஒங்க படையல்.”

தொடவில்லைதான். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அப்பா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினார். லோரிக்கு டயர் மாற்றுகிற கைக்கு வெங்காயம் அடங்க மறுத்தது.

“என்னா தம்பி, வெங்காயத்த வெட்டுறியா, கொல்றியா?”

“பேசாம இரு அக்கா. எண்ணிக்க தப்பிடும்.”

“வெங்காயத்துக்கு ஏதுடா எண்ணிக்க?”

கறி கொதித்து வாசனை கிளம்பியதும் நான் என் மூக்கோடு அடுப்பருகே போனேன். அத்தை என் பாவாடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“ஏ வாலு, எங்க போற? தாத்தாவுக்கு முன்னாடி நீ மோந்து பாக்கிறியா?”

“வாய்தான வைக்கக் கூடாது, அத்த?”

“இவளுக்கு வாய் வேறயா! மூக்கையும் சேத்து வெளிய எடுத்துக்கிட்டுப் போ.”

மூன்று மணியானது. நான்கும் ஆனது. அம்மா வரவில்லை. தெப்ராவ் சாலையில் அடைமழை. அதில் ஃபேக்டரி பஸ் நின்றுவிட்டது என்பது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்த செய்தி. அப்பா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். கறி வெந்து, எண்ணெய் மேலே மிதந்து, அடுப்பை அணைத்தும் ஆயிற்று.

“ஒம் பொண்டாட்டி வர்றதுக்குள்ள நம்ம அப்பா வந்து பாத்துட்டுப் போயிடுவாரு போலருக்கே,” என்றார் அத்தை.

ஒருவழியாக அம்மா நனைந்து வந்தார். “அண்ணி, வாங்க,” என்று அரைவாசிச் சிரிப்பை வீசிவிட்டுக் குளியலறைக்கு ஓடினார். ஈரத் தலையில் துண்டோடு சமையலறைக்குள் வந்தபோது அத்தை இன்னும் அதே நாற்காலியில் இருந்தார்.

இந்த இடத்தைப் பிற்காலத்தில் அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக என்னிடம் விவரித்திருக்கிறார்கள். இருவரும் மற்றவர் மேல்தான் பழி போட்டார்கள். அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி: உப்பு போட்டாச்சா? அதை அத்தை எதிரில் எப்படிக் கேட்பது? கேட்டால், குழம்பில் உப்பு உண்டா இல்லையா என்று இந்த வீட்டில் எவருக்குமே தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அம்மா சட்டியைப் பார்த்து, பிறகு அப்பாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கறி வெந்துவிட்டதா என்று கேட்கிறாள் என்று நினைத்து அப்பா பலமாகத் தலையாட்டினார். நேரமாகிவிட்டதால் அவரே போட்டுவிட்டார் என்று அம்மா நினைத்துக்கொண்டார். ஆனாலும் மூடியைத் திறந்து, கிளறி, ஒரு தடவை முகர்ந்தார். நாள் முழுக்க ஈயப்பற்று வைக்கிற புகையை இழுத்த மூக்கு அது. ஒன்றும் தெரியவில்லை. அவர் கிளறியதைப் பார்த்த அப்பா, உப்பு விழுந்துவிட்டது என்று நிம்மதியாகக் கைலியை இறக்கிவிட்டார்.

அத்தை அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் நானும் ஒரு தடவை முகர்ந்தேன். உப்பு கச்சிதம் என்று எனக்குத் தோன்றியது.

படத்துக்கு முன்னால் இலை விரித்து, ஓரத்தில் வழக்கப்படி ஒரு சிட்டிகை உப்பு வைத்து, சோறு, குழம்பு, பொரியல், வடை, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், சுருட்டு என்று பரப்பினார்கள். அப்பா சூடம் காட்டினார். வெளியே மதில்மேல் காகத்துக்கும் கொஞ்சம் வைத்தோம். முதலில் வந்தது ஒரு மைனா. உப்பு எப்படி என்று அதன் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். மைனாவின் முகத்தில் எப்போதும் ஒரே கோபம்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிறகு நாங்கள் நால்வரும் தரையில் இலை போட்டு உட்கார்ந்தோம். அம்மாதான் முதலில் வாய் வைத்தார். மென்றுகொண்டிருந்தவரின் தாடை அப்படியே நின்றுபோனது. அப்பா ஒரு வாய் வைத்தார். அவர் தாடையும் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் அன்பு இல்லை.

“அண்ணி,” என்று அம்மா எழப் போனார். “அண்ணி, குழம்பு…”

“உக்காரு புள்ள.”

அத்தை இரண்டாவது வாய் எடுத்து, மெல்ல மென்று, விழுங்கினார்.

“யாரு சொன்னா ஒங்களுக்கு?”

அத்தை சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பைச் சேர்த்துக்கொண்டார்.

“அப்பாவுக்குக் கடைசி ரெண்டு வருஷமும் இப்படித்தான் ஆக்கிப் போட்டேன். உப்பே ஆகாதுன்னுட்டாரு டாக்டரு, ரத்தக் கொதிப்பு. மொதல்ல தட்டத் தூக்கி வாசல்ல அடிச்சாரு. பால்மரம் வெட்டிப்புட்டு வந்து, அதக் கழுவித் தள்ளிட்டு மறுபடி ஆக்குவேன். அதையும் அடிப்பாரு. அப்புறம் எனக்கும் அதையே போட்டுக்கிட்டு, அவரு எதுக்க உக்காந்து தின்னேன். ரெண்டு நாள் பாத்தாரு. மூணாம் நாள் வாயத் தொறந்தாரு.”

அப்பா இலையைப் பார்த்தபடி கேட்டார். “நான் வர்றப்பல்லாம் கறில உப்பு இருந்துச்சேக்கா?”

“நீ வர்ற அன்னிக்கு மட்டும் போடுவேன். எம்மவன் வந்தாத்தான் இந்த வீட்டுச் சோத்துல ருசின்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிவாரு. திரியட்டும்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு அத்தை சோற்றைப் பிசைந்தார். அப்பாவும் பிசைந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்: குழம்பில் உப்பில்லை. என் இலையோர உப்பை முழுவதும் கலந்து தீர்த்துவிட்டு, பக்கத்தில் அப்பாவின் இலையைப் பார்த்தேன். அவருடைய உப்பு அப்படியே இருந்தது. எடுக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து மெல்ல அப்பால் வைத்தார். ஆனால் அவரும் அதைத் தொடவில்லை. “இன்னும் கொஞ்சம் ஊத்து,” என்று அம்மாவிடம் இலையைக் காட்டினார். தீர்ந்ததும் மறுபடி கேட்டார். வாயில் வைக்க முடியாத ஒரு குழம்பை ஒரு மனிதர் ஏன் இப்படிக் கேட்டுக் கேட்டுத் தின்கிறார் என்று நான் மைனாவைப் பார்த்ததுபோலவே அவர் முகத்தையும் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. காரம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ரயிலில் அத்தையை ஏற்றிவிட மூவரும் போனோம். நேற்று நடந்தது பிசகா, இல்லையா, அத்தைக்குத் தெரியுமா, தெரியாதா என்று அம்மா வழியெல்லாம் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அத்தை ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். ரயில் நகரத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டி அம்மாவைக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள! அடுத்த வருஷம் உப்பு போட்டு ஆக்கு. செத்தவருக்கு எந்த டாக்டரு?”

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பை முகத்தில் வைத்தார், எடுக்கவில்லை. அப்பா ரயில் நேர அட்டவணையின் முன்னால் போய் நின்று, வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிறவர்போல் அதைப் படித்தார்.

“ஏம்மா அழுவுற?”

“தூசிம்மா.”

நான் நம்பிவிட்டேன். அப்போது என் தலைக்குள் வேறு பெரிய கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. செத்த பிறகு ரத்தக் கொதிப்பு எங்கே போகிறது? கூடவே போகுமா, இங்கேயே நின்றுவிடுமா? வீடு வந்து சேரும்வரை அதையே யோசித்தேன். அத்தை சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது உப்பும் டாக்டரும்தான். உப்புக்கு முன்னால் இருந்த “அடுத்த வருஷம்” என்ற இரண்டு சொற்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கேட்டிருக்கின்றன.