மச்சான் வண்டி நீண்ட கதை

அவர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே பையிலிருக்கும் காசை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பார். டிக்கெட் பரிசோதகர். டிப்போவில் சொந்தப் பேர் மறந்துபோய் ‘செக்கிங்’ என்பதே பேராக நின்றுவிட்டது. டிக்கெட்டை வாங்கி முன்பக்கம் பார்ப்பார், பின்பக்கம் பார்ப்பார், அப்புறம் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். ஒழுங்காக டிக்கெட் எடுத்தவனுக்கே ‘நாம ஏதாவது தப்புப் பண்ணிட்டோமோ’ என்று தோன்றிவிடும்.

யூனிஃபார்மைக் கழற்றி ஆணியில் மாட்டினாலும் அந்தப் பார்வை மட்டும் கழலாது. மனைவி அடுப்பை அணைத்தால் இவர் போய் இன்னொரு தடவை திருகிப் பார்ப்பார். அவள் பூட்டின பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்பவள். உடைந்த ஃபிரேமை ஒட்டுவது, அறுந்த கீலுக்குப் புதுக் கீல் வைப்பது, கண்ணுக்கே தெரியாத திருகாணிகளைச் சாமணத்தால் பிடித்து முடுக்குவது எல்லாம் அவள் கைவேலை. ஊரே அவளிடம் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது. வீட்டுக்காரர் மட்டும் தூங்கவில்லை.

ரத்தக் கொதிப்பு ஏறினபோது, மனசுக்குப் பிடித்ததாக ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மனைவியின் தம்பி, கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவன், ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே ரிமோட்டில் ஓடும் குட்டி ஜீப். வேகமாக ஓடாது. ஆமை மாதிரி ஊர்ந்து பாறைமேல் ஏறும். அதுதான் அதன் பெருமையே.

“விளையாட்டுச் சாமானா?” என்றார் செக்கிங்.

“ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அத்தான். அப்புறம் சொல்லுங்க.”

ஓட்டினார். ஒட்டிக்கொண்டது. இடித்துப்போட்ட மில்லுக்குப் பின்னால், கான்கிரீட் துண்டுகள் மலையாகக் குவிந்து கிடந்த இடத்தில், லீவு நாளில் மச்சானையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஆளாளுக்கு ஒரு குட்டி வண்டி. குவியலின் கோடியில் ஒரு சாய்ந்த பலகைக்கல் இருந்தது. அங்கே முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழாத வண்டியே கிடையாது.

ஒரு லீவு நாளில் மச்சானின் வண்டி அந்தக் கல்லில் விழாமல் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். செக்கிங் கைதட்டவில்லை. வண்டியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார்.

“என்னடா பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணல அத்தான். கை பழகிடுச்சு.”

சொல்லும்போது மச்சான் மூக்கைச் சொறிந்தான். டிக்கெட் இல்லாதவன் பாக்கெட்டைத் தடவுகிற மாதிரியே இருந்தது அது. அந்தக் கணத்திலிருந்து செக்கிங்குக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை அவர் தன் வண்டியை விட்டுவிட்டு மச்சான் வண்டியையே கவனித்தார். இரண்டு கான்கிரீட் தூண்களுக்கு நடுவே ஒரு குறுகலான திருப்பம். முன்னெல்லாம் ஒரே வளைப்பில் போகிற வண்டி இப்போது கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த்தான் திரும்பியது. பஸ்ஸிலேயே வாழ்க்கையைக் கழித்தவருக்கு இது போதாதா? சின்ன பஸ் திரும்புகிற தெருவில் நீள பஸ் திணறும். வண்டி நீண்டிருக்கிறது! முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டியிருக்கிறான் பயல். அதனால்தான் செங்குத்தில் மல்லாக்க விழவில்லை.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வான் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தன் வண்டியையும் நீட்டப் பார்த்தார். சக்கரங்களைத் தாங்கும் தண்டுகளை நீளமானதாக வாங்கிப் போட்டார். அங்கேதான் சிக்கல். நடுவிலிருக்கும் கியர்பெட்டியிலிருந்து சக்கர அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சறுக்கும் இரண்டு துண்டு. அச்சை விலக்கினால் அது எட்டாது. செக்கிங் ஷாஃப்டை நடுவில் அறுத்து, பித்தளைக் குழாயைச் செருகி, பசை போட்டு நீட்டினார். மேசைமேல் வைத்து அளந்தார். கச்சிதம்.

“உள்ளே என்னங்க பண்றீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்றார். சொன்ன பிறகு, இவள் ஏன் கேட்கிறாள் என்று யோசித்தார்.

மில் குவியலில் அவர் வண்டி முதல் கல்லிலேயே ஒரு சக்கரத்தைப் பள்ளத்தில் தொங்கவிட்டது. ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். ஷாஃப்ட் இரண்டாகப் பிரிந்து, உள்துண்டு கீழே விழுந்தது. மச்சான் சிரித்தான்.

“மேசைமேல வச்சு அளந்தீங்களா அத்தான்? சக்கரம் முழுசாத் தொங்கும்போது அளக்கணும். அப்பத்தான் உருவிக்காது.”

செக்கிங் நிமிர்ந்தார்.

“ஒண்ணும் பண்ணாதவனுக்கு இது எப்படிடா தெரியும்?”

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கை ரிமோட்டிலிருந்து இறங்குவதற்குள் செக்கிங் அவன் வண்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டார். ஷாஃப்ட் நீட்டப்பட்டிருந்தது. ஒட்டு தெரியாத ஒட்டு. இரண்டு முனைக் கீல்களும் ஒரே நேரில் நின்றன. கொஞ்சம் திருகியிருந்தால்கூட வண்டி நடுங்கியிருக்கும். குழாயின் குறுக்கே ஒரு குட்டித் திருகாணி. அதன் நுனியை அராவி, உருட்டி, மழமழவென்று ஆக்கியிருந்தது.

அந்த நுனியை அவருக்குத் தெரியும். மெதுவாகத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கன்னப்பொட்டில் குத்தக்கூடாதென்று மனைவி கீல் திருகாணியில் செய்து வைத்த அதே மழமழப்பு.

“அக்காதான் சொல்ல வேணாம்னு…” என்று இழுத்தான் மச்சான்.

செக்கிங் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அக்காளும் தம்பியும் சேர்ந்து எத்தனை நாளாக இப்படி? இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறார்கள்? வழியெல்லாம் பழைய பேச்சுகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட ஏன் மறைச்சே?”

எதை என்று அவள் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அவன் ஷாஃப்ட் எட்டலன்னு கொண்டுவந்தான். செஞ்சு கொடுத்தேன். வாங்கினான், மாட்டினான், ஓட்டினான். ‘நல்லாயிருக்குக்கா’ன்னான். உங்ககிட்ட கொடுத்தா என்னங்க பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவேன்?”

“கழட்டிப் பார்ப்பீங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“இந்தக் கண்ணாடிக்கு நான் லென்ஸ் மாத்தினேனே, அதை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போய்ச் சரியாயிருக்கான்னு காட்டினீங்க. அந்தக் கடைக்காரர் எங்க முதலாளிக்குச் சிநேகிதம். மறுநாள் எங்க கடையில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நான் தலைகுனிஞ்சுக்கிட்டு வேலை பார்த்தேன்.”

அவளுக்கு இது தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அன்று முழுக்க அவர் எதையும் இழுத்துப் பார்க்கவில்லை, திருகிப் பார்க்கவில்லை. கை மட்டும் தவித்தது.

சில நாள் கழித்து, உருவிக்கொண்ட ஷாஃப்டை அவள்முன் வைத்தார்.

“எனக்கும் ஒண்ணு செஞ்சு தர்றியா?”

“தர்றேன். ஆனா கழட்டக்கூடாது.”

“சத்தியமா மாட்டேன்.”

சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்து, செய்து, அவளே மாட்டிக் கொடுத்தாள். அந்த வண்டி சாய்ந்த கல்லில் சர்வசாதாரணமாக ஏறிற்று. செக்கிங்குக்கு நெஞ்சு விம்மியது. ஆனால் இறங்கும்போது எங்கிருந்தோ ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். ஷாஃப்டா? ஒட்டு விட்டுப்போச்சா? அவசரத்தில் செய்தாளோ? தம்பிக்கு நல்லதாகவும் நமக்கு ஏனோதானோவென்றும்…

வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டார். ஷாஃப்டில் ஒரு குறையும் இல்லை. சக்கர விளிம்புக்குள் ஒரு பொடிக்கல் புகுந்து தட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இவருடைய தடித்த திருப்புளி பட்டுத் திருகாணியின் தலைதான் மழுங்கிப்போயிருந்தது. மறைக்க வழி தேடி அவர் மேசையைத் துழாவும்போதே அவள் உள்ளே வந்துவிட்டாள். திருகாணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கத்துவாள் என்று பயந்தார்.

“டிக்கெட் இல்லாம மாட்டிக்கிட்டீங்க” என்றாள். “அபராதம் உண்டு.”

“என்ன அபராதம்?”

“இனிமே வண்டியை நான் ஓட்டுறேன். நீங்க கூட வாங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அடுத்த லீவு நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் வாசலில் நின்றாள். முதல் நாள் வண்டி விழுந்து விழுந்து எழுந்தது. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாமணம் பிடித்துப் பழகிய விரல்கள் ரிமோட்டையும் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் தம்பியின் சிரிப்பு அடங்கிவிட்டது. செக்கிங் வண்டிக்குப் பக்கத்திலேயே குனிந்து நடந்து, கவிழ்ந்தால் நிமிர்த்தி வைப்பார். மற்றவர்கள் பெரிய பேட்டரி போட்டு ஏமாற்றுகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம் உண்டு. அதை அவள் காதில் மட்டும் சொல்வார்.

பஸ்ஸில் அவர் இன்றைக்கும் அப்படியேதான். வீட்டிலும் அடுப்பை இரண்டாவது தடவை திருகுவதை விடவில்லை. அவளும் அதைக் கண்டுகொள்வதில்லை. பின்னறையில் அவள் செய்து தருவதை மட்டும், கை எவ்வளவு அரித்தாலும், அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறார்.