ஆகாயத்தில் ஒரு மணி நேரம்

"...இதுல ஒரு மணி நேரத்துல பறந்து வந்துருவேன்னு தந்தி வேற! பஸ்ஸுல வர்றவனெல்லாம் கேனையனுங்களா, மச்சான்?"

கொழிஞ்சாம்பாறையில் தங்கை வீட்டு வாசலில் கால் வைத்ததும் அவள் கணவர் இப்படித்தான் என்னை வரவேற்றார். அன்று அவர்கள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கூடப்பிறந்த மாமன் நான் ஒருவன்தான்.

மெட்ராஸிலிருந்து பெருமைக்காக அன்று காலைதான் விமானம் ஏறினேன். அது தாமதம். கோவையில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, மாநில எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்டில் காத்துக் கிடந்து வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது.

"சாந்தன்பாறையிலிருந்து உங்க பெரியப்பா பையன் நாலு பஸ் மாறி நேத்தே வந்துட்டாருங்க. அவரு மடியிலதான் குத்துனோம்" என்றார் தங்கை கணவர்.

ஒருவரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆகாயத்து நேரத்தைப் பெரிதாகச் சொன்ன நான், சாலை நேரத்தை நினைத்தே பார்க்கவில்லை. முதல் நாளே கிளம்பத் தோன்றாத அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"நின்னுட்டே இருந்தா எப்படிங்க? ஒரு காதுதான் குத்தியிருக்குது. ஆசாரியப் போக விடாம உக்கார வெச்சிருக்கறேன்" என்று அதட்டிய தங்கை கணவர், அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார்.