அத்தான் கேட்ட ஒரு குறை

எங்கள் அத்தான் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊரொன்றில் பிறந்தவர். தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வந்த இடத்தில், தமிழ் படிப்பிக்கப் போன என் அக்காவையே கைப்பிடித்தார். அப்போது எங்கள் வீட்டில் நடந்த கூத்தை இங்கே எழுத முடியாது!

ஓய்வு பெற்றபின் இருவரும் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். அங்கே பார்க்டேல் பகுதியில் வந்திறங்கிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூடப்போவார். ஒரு சதமும் வாங்கமாட்டார். தாமே இரண்டு நூல்கள் எழுதினார். எங்கள் கதைகளைத் தம் தாய்மொழியான வெல்ஷுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு வரிக்கும் அக்காவிடம் அவர் விளக்கம் கேட்கக் கேட்க, அடுப்பில் கறி அடிப்பிடிக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீடுகளுக்குப் போனால் வடைக்கு முதல், செத்தவரைப் பற்றி அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் எடுப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மச்சாள், இந்த மலர்களில ஒருத்தருக்கும் ஒருநாளும் கோபமே வரேல்லை. என்ர மலரில ஒரு குறையாவது எழுதவேணும், சொல்லிப்போட்டன்."

"குறை எழுத வெளிக்கிட்டா ஒரு மலர் காணாது, அத்தான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தமிழும் ஆங்கிலமும் அவரை விட்டுப் போய்விட்டன. தாய்மொழி மட்டும் வாயில் நின்றது. அக்காவின் கையைப் பிடித்தபடி ஏதேதோ சொல்லிக்கொண்டேயிருந்தார். "ஆரையும் கூட்டிக்கொண்டு வாடி, என்னெண்டு கேப்பம்" என்று அக்கா அழுதா. அந்த மொழி தெரிந்த ஒருவரை நான் தேடிப் பிடிப்பதற்குள் அத்தான் போய்விட்டார். அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த மார்க்கம் நகர அயலவர்களுக்கும், அத்தானைத் தங்கள் தகப்பனைப்போலப் பார்த்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த பார்க்டேல் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அத்தானின் மலருக்கென்று எழுதிய இவ்வளவையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டி, அத்தான் கேட்ட குறையை என்ன செய்வது என்று கேட்டேன். "ஒண்டும் எழுதப்படாது, சனம் என்ன நினைக்கும்" என்று முதலில் ஏசினா. பிறகு தானே சொன்னா.

"சரி, எழுது. ஊர்க்கதையெல்லாம் தன்ர பாஷைக்குக் கொண்டுபோன மனுசன், எனக்கு அதில ஒரு சொல்லுத்தன்னும் படிப்பிக்கேல்லை."

"அப்ப கடைசியில அவர் கதைக்கேக்க நீங்கள் என்னக்கா சொன்னனீங்கள்?"

"எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டு தலையாட்டினனான்."