மீசை ஒடியாத சிங்கி இறால்

சிங்கி இறால் என்றாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். யுத்தம் நடந்த வருடங்களில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் மூன்று மாதமாக வெள்ளைக்காரத் துரையின் மேசையில் தூங்கியது. ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார். வியாழன் மாலை கொழும்பிலிருந்து விருந்தாளி வருகிறாராம். கால், மீசை ஒன்றும் ஒடியாத சிங்கி இறால் உயிரோடு வேண்டும், கொண்டுவந்தால் அன்றைக்கே கையெழுத்து என்றார். நானோ தாமிரபரணிக் கரை வயல்காட்டுக்காரன்.

கடற்கரையில் அதை ஒருவரும் மதிக்கவில்லை. வலையில் சிக்கினால் நூலை அறுத்துவிடும் என்று காலையும் மீசையையும் முறித்துத்தான் எடுப்பார்கள். இரண்டு நாளும் எனக்குக் கிடைத்தவை வெறும் முண்டங்கள். ஒன்றையாவது ஒடிக்காமல் எடுக்கச் சொல்லி ஒரு மீனவரிடம் கெஞ்சினேன்.

"மீசையப் பாத்தா வல போயிரும் அண்ணாச்சி. உங்க துரையா வந்து கிழிசலக் கட்டுவாரு?"

வியாழன் காலை, என் தொல்லை தாங்காமல் அவரே வலையைக் கண்ணி கண்ணியாக விலக்கி முழுசாக ஒன்றை எடுத்துத் தந்தார். ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்கு ஓடினேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் இது சாகக் கூடாது. தண்ணியில போட்டு வை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவளும் எங்கள் பக்கத்து ஊர்க்காரிதான். கல்யாணமாகி இரண்டு மாதம்.

மாலையில் வாளியோடு துரை பங்களாவுக்குப் போனேன். சமையற்காரர் இறாலைத் தூக்கினார். ஒரு கால்கூட அசையவில்லை. வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கடல்ல கெடந்தத நல்ல தண்ணியிலயா போட்டீய? ஈரச் சாக்குலயே விட்டிருந்தாக்கூட உசுரோட இருக்குமே."

துரை எட்டிப் பார்த்துவிட்டுக் கோழி அடிக்கச் சொன்னார். காகிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்றுதான் வீட்டுக்கு நடந்தேன். கொல்லைக் கிணறு நிறைய உப்புத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கிடக்கிறது. அதை ஊற்றித் தொலைத்தால் என்ன என்று வாசலிலேயே கத்தினேன்.

"நம்ம வேலைய நெரந்தரமாக்கப் போற சீவன்லா. அதுக்குப் போயி உப்புத் தண்ணியவா ஊத்துவாக?"

கத்தியதில் தொண்டை வறண்டுவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"இருந்த ஒரு குடத்தையும் அதுக்குத்தான் ஊத்துனேன். தெருக் குழாயில இனி ராத்திரிதான் தண்ணி விடுவான். நானே காலையில இருந்து குடிக்கல்ல."

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், பெண்கள் வரிசையில் கடைசி ஆளாக நின்றேன்.